டவுன்லோடு ஆகிற நேரம்

விராலிமலையில் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மாடி வீட்டில் நான் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் ஆல்பமும் செய்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரின் கல்யாணத்தை வெட்டி ஒட்டியவனுக்கு இப்படியா என்று அடிக்க வேண்டிய ஜோக்கையெல்லாம் எல்லாரும் அடித்தாகிவிட்டது, புதிதாக ஒன்றும் வேண்டாம். அம்மா போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. வேலைகூடப் பேசாமலே நடக்கும். போட்டோகிராபர் பென்டிரைவைப் பஸ்ஸில் கொடுத்துவிடுவார், நான் போய் வாங்கிக்கொள்வேன், முடித்து அனுப்பினால் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வரும். நாள் முழுக்க ஸ்பீக்கரில் நாதஸ்வரம் ஓடுகிற வீட்டில் "சாப்டியா" என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

ஒருமுறை வைரஸ் வந்து சில கல்யாணங்களை மொத்தமாக விழுங்கிவிட்டது. அந்தக் கடுப்பில் கம்ப்யூட்டரில் இருந்த திருட்டுக் காப்பி சிஸ்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு லினக்ஸ் என்கிற சிஸ்டத்துக்கு மாறினேன். இலவசம், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம். சொல்லித்தர ஆள் இல்லாமல் நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். பிறகு தமிழில் லினக்ஸ் பேசுகிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் போட ஆரம்பித்தேன். பதிலெல்லாம் சிடுசிடுப்பாகத்தான் இருக்கும். "என்ன எரர் வந்துச்சுன்னு சொல்லாம 'வேலை செய்யல'ன்னா நான் என்ன ஜோசியமா பாக்குறது?" அதைப் படித்த பிறகும் என் நம்பருக்குக் கூப்பிட்டவர் கோட்டைப்பட்டினத்து பாய் ஒருவர்தான்.

"தம்பி, அப்டேட்டு வேணுமான்னு கேட்டுச்சு, சரின்னு அமுக்கிட்டேன். இப்ப ஸ்கிரீன் கறுப்பாக் கெடக்கு. மெஷின் ஓடுது, லைட்டு எரியுது, ஒண்ணும் தெரியல."

வளைகுடாவில் வெகுகாலம் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்துவிட்டுத் திரும்பியவர் அவர். மனைவி காலமாகிவிட்டார். இளைய மகன் கேம் ஆட வாங்கிய கம்ப்யூட்டரில் லினக்ஸையும் போட்டுக் கொடுத்துவிட்டு வளைகுடாவுக்கே போய்விட்டான். அதில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தது. பாய் அதில் வீடு வரைவார். தான் தனியாக இருக்கிற மூன்று மாடி வீட்டுக்கு நாலாவது மாடி.

"யாருக்கு பாய் நாலாவது மாடி?"

"சும்மாதான் தம்பி."

திரையில் படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சிஸ்டம் சொல்வதைப் புரியவைக்க டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். பாயின் கார்டுக்கு அதைத் தனியாக நிறுவ வேண்டும். சிஸ்டம் புதிதாகி டிரைவர் பழையதாகவே நின்றுவிட்டால் திரை இருட்டிவிடும். என் கார்டு வேறு வகை, அதன் டிரைவர் சிஸ்டத்தோடு சேர்ந்தே வந்துவிடும். "என்னுது கறுப்பாகவே ஆகாது பாய், காலத்துக்கும் ஆகாது" என்று முதல் நாளே பீற்றிக்கொண்டேன்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் த்ரீ மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். படம் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் வருகிற திரை அது. அங்கே பழைய டிரைவரை நீக்கச் சொல்லிப் புதியதை இறக்கும் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் ஊரில் அப்போது இன்டர்நெட் ஆமை வேகம். டிரைவரோ பெரிய ஃபைல். இறங்கி முடிகிற வரை போனை வைத்துவிட்டுப் பிறகு பேசியிருக்கலாம். இரண்டு பேருமே வைக்கவில்லை.

"இங்கிட்டு நல்ல மழை. அங்கிட்டு உண்டா தம்பி?"

"தூறலோட சரி பாய். மயிலுதான் மாடியில வந்து கத்திக்கிட்டுக் கெடக்கு."

"சாப்டீங்களா?"

"சோறு வச்சேன். ரசம் இருக்கு."

"ரசமா? அட போங்க தம்பி. போட்டெல்லாம் கரைக்கு வந்துருச்சு, நண்டு வாங்கிட்டு வந்து வச்சிருக்கேன். தனியா உக்காந்து திங்கவும் பிடிக்கல."

அதன் பிறகு அப்டேட் வரும்போதெல்லாம் கறுப்பானது. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கூப்பிடுவார். நான் எடிட்டிங்கை நிறுத்திவிட்டு அந்த நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். வெளியே சொன்னால் வெட்கம், ஆனால் உண்மை அதுதான். இந்த உலகத்தில் என் குரலை யாராவது கேட்டார்கள் என்றால் அது பாயின் டிரைவர் இறங்குகிற நேரத்தில் மட்டும்தான்.

ஆனாலும் தொழில்புத்தி சும்மா இருக்குமா? அடிக்கடி கெடுகிற ஒன்றைக் கெடாமல் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. டிரைவரும் சிஸ்டமும் தானாக மாறாதபடி பூட்டி வைக்கும் கட்டளையை ஒருநாள் சொல்லிக் கொடுத்தேன். "இனிமே கறுப்பாகாது பாய். நீங்க என்னைக் கூப்பிடவே வேணாம்" என்றேன் ஜம்பமாக. "அப்படிங்களா" என்று மெல்லச் சொன்னார். போனை வைத்த பிறகுதான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

அடுத்த வாரமே கூப்பிட்டார். "மறுபடியும் கறுப்பாயிருச்சு தம்பி." பூட்டியது எப்படித் திறக்கும் என்று நான் கேட்கவில்லை. சந்தோஷத்தில் தோன்றவே இல்லை. இதற்கிடையில் அவர் வீட்டுக்கு வேகமான ஃபைபர் இன்டர்நெட் லைன் வந்துவிட்டது. அப்படியும் டவுன்லோடு மட்டும் பழைய வேகத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் ஓடுது தம்பி" என்பார். மகன் பேசினானா, மீன் என்ன விலை, என் இட்லி மாவு ஏன் புளிக்கவில்லை என்று பேச்சும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் பேசிக்கொண்டே என் திரையைப் பார்த்து ஒரு கட்டளையைச் சொல்லிவிட்டேன்.

"போட்டாச்சு தம்பி. நல்லா ஓடுது. ஸ்கிரீன்தான் வரல."

"ஓடுதா? அது என் கார்டுக்கு உள்ளது பாய். ஒங்க மெஷின்ல அந்தக் கட்டளையே கெடையாதே. எப்படி ஓடும்?"

தப்பைக் கண்டால் திருத்துகிற பழக்கம், வாய் முந்திக்கொண்டது. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. அவர் எதையும் தட்டவில்லை. அந்தத் திரை கறுப்பாகவே இல்லை. பூட்டிய நாளிலிருந்தே இல்லை.

"அப்படிங்களா..." என்றார். "சரி தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அதோடு சரி. அஸர் வரும், போகும், போன் வராது. ஐயோ, இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? அவர் கூப்பிடாத நாட்களில் ஆடி மாதமும் வந்தது. கல்யாணம் இல்லை, பென்டிரைவ் இல்லை, பஸ்ஸுக்குப் போகிற வேலைகூட இல்லை. நாள் கணக்கில் பேசாமல் இருந்துவிட்டுக் கடையில் பால் கேட்டபோது குரல் கரகரத்து யாருடையதோ போல வந்தது. பயமாக இருந்தது. பாயைக் கூப்பிட எண்ணி நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன். எதற்குக் கூப்பிட்டாய் என்றால் என்ன சொல்வது? எங்கள் இருவருக்கும் நடுவில் டிரைவரைத் தவிர வேறு உறவுமுறை எதுவும் கிடையாதே.

ஒரு சாயங்காலம் துணிந்துவிட்டேன்.

"பாய், நான்தான்."

"தெரியுது தம்பி. சொல்லுங்க."

"என் ஸ்கிரீன் கறுப்பாயிருச்சு பாய்."

என் முன்னால் திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வைகாசியில் கல்யாணம் முடித்த கீரமங்கலத்து மாப்பிள்ளை ஒருவர் மாலையும் கழுத்துமாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.



"ஒங்க கார்டுக்குக் காலத்துக்கும் வராதுன்னீங்களே தம்பி."

"வந்துருச்சு பாய்."

"ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணுமே தெரியல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"சரி. கண்ட்ரோல், ஆல்ட், எஃப் த்ரீ. எழுத்து வருதா?"

"வருது பாய்."

"டிரைவரைப் போட்டு விடுங்க. மெதுவாவே எறங்கட்டும், நான் லைன்லதான் இருக்கேன்" என்றார். "சாப்டீங்களா தம்பி?"