கேட்காமல் கொடுத்த உப்புநீர்

கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் பலபேர் ஒரே நேரத்தில் ஓங்கரிக்கும் சத்தம், எழுபதுகளின் ஒரு கோடைக் காலையில், காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முனைவரைக்கும் கேட்டது. வெறும் வயிற்றில் வெதுவெதுப்பான உப்புநீரை முட்ட முட்டக் குடித்து வாந்தியெடுத்தால் எல்லா வியாதியும் போய்விடும் என்று, வெளியூரிலிருந்து வந்து மண்டபத்தைப் பிடித்திருந்த யோகாசன ஆசிரியர் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் அதற்கு 'வமன தௌதி' என்று பெயர் சொன்னார். எங்கள் தெரு அதை 'வயித்தக் கழுவுறது' என்று ஆக்கிக்கொண்டது.

அந்த வரிசையில் என் அப்பாவும் உட்கார்ந்திருந்தார். பகலெல்லாம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுப் பட்டு நெய்தவருக்கு நெஞ்சுக்குக் கீழே ஓயாத எரிச்சல். "ஆபரேசன்னு சொல்லிடுவாங்க" என்று டாக்டரிடம் போகாமல் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவர், இதை நம்பிப் போனார்.

மாற்று வேட்டியோடு அம்மாவும் நானும் போனபோது, போதும் என்று அப்பா கையைக் காட்டிக்கொண்டிருந்தார். "இப்ப நிறுத்தினா அழுக்கு உள்ளயே தங்கிடும்" என்று ஆசிரியர் இன்னொரு சொம்பை நீட்டினார். அடுத்த வாந்தி காபித்தூளைக் கரைத்தாற்போலக் கறுப்பாக வந்தது, அதற்கடுத்தது சிவப்பாக. அதைப் பார்த்தும் அந்த மனிதர், "பழைய அழுக்குதான், பயப்படாதீங்க" என்றார். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ரிக்‌ஷாவில் அப்பாவை அம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நாள்பட்ட வயிற்றுப் புண், ஓங்கரித்த வேகத்தில் ரத்தம் கொட்டியிருக்கிறது என்றார் டாக்டர். "புண்ணு, ரத்தக்கொதிப்பு, இருதயக் கோளாறு இருக்கிறவங்க இதத் தொடவே கூடாதும்மா. மத்தவங்களும் உடம்பக் காட்டி, கேட்டுக்கிட்டு, நல்லாத் தெரிஞ்சவர் பக்கத்துல இருக்கும்போதுதான் ஆரம்பிக்கணும். உடம்பு வேணாம்னா அப்பவே நிறுத்திடணும்."

அப்பா பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்த மறுநாள் காலை, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். புதிதாகச் சிலர் சொம்போடு உட்கார்ந்திருந்தார்கள். வெளி ஆண்களிடம் 'ங்க' போடாமல் பேசியறியாதவள், நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"இன்னாபா, எங்க வூட்டுக்காரருக்கு வயித்துல புண்ணு இருக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"நம்பிக்கை இல்லாம செஞ்சா இப்பிடித்தான் ஆகும்மா."

"நம்புனதாலதானே நீ ஊத்த ஊத்தக் குடிச்சிக்கினு இருந்தாரு! ரத்தத்தப் பாத்து அழுக்குன்னியே, உனக்கு ரத்தம் தெரியாது?"

"பொம்பள வந்து கத்துற எடமா இது?" என்று மண்டபத்துக்காரர் அதட்டினார். அப்பா ரத்தம் கக்கியபோது அங்கேயே நின்றும் வாயைத் திறக்காதவர் அவர். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், உட்கார்ந்திருந்தவர்களிடம், "வயித்துல நோவு இருக்கறவங்க எழுந்து போயிடுங்கபா" என்றாள். ஒருவர் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள்.

ஆசிரியர் ஊரைவிட்டுப் போனார்; அடுத்த ஊரில் யாருக்கு ஊற்றினாரோ. அவரை யாரும் எதுவும் செய்யவில்லை. என் அப்பா மட்டும் கடைசிவரை காரத்தைத் தொடாமல் மோர்ச்சோறு தின்றார்.

யோகத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்காமல் ஊற்றுகிறவர்கள் மேல்தான். இப்போது அந்த மண்டபமும் இல்லை, அம்மாவும் இல்லை. போன வாரம் என் தங்கை மகள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, போனில் ஒருவன் செய்துகாட்டுவதைப் பார்த்து உப்புநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். பிடுங்கிக் கொட்டினேன். திரையில் அந்த ஆள் சிரித்தபடி அடுத்த டம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நின்று கேட்க வழியில்லை.