சதுரங்கப்பட்டினம் கோட்டையில் மல்லிகாவின் தொண்ணூறு நிமிடங்கள்

கோட்டை பார்க்க ஆசைப்பட்டு நான் சதுரங்கப்பட்டினம் போகவில்லை. என் மனைவி மல்லிகாவுக்கு அங்கே ஒரு பரீட்சை இருந்தது. மாமல்லபுரத்தில் சுற்றுலா நடத்தும் ஒரு சிறிய நிறுவனம், வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்ட ஆங்கிலம் பேசும் வழிகாட்டி ஒருவரைத் தேடியது. வேலை ஒன்றுதான், கேட்டவர்கள் இருவர். போன சனிக்கிழமை மல்லிகாவின் முறை. அதே வழியில் போக நினைப்பவர்களுக்காக நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். நடுநடுவே மனைவியைப் பற்றிப் பீற்றிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகா ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்கு எதிரே பத்து வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறாள். அஞ்சல் வழியில் வரலாறு படித்தவள். ஆங்கிலச் செய்தித்தாளைக் கடகடவென்று வாசிப்பாள். ஆனால் வெள்ளைக்காரர்கள் பேசும்போது வருகிற ஆன், ஆஃப், அப், வித் என்ற பொடி வார்த்தைகள் அவளைப் படாத பாடு படுத்தின. புட் என்றால் வை. அதோடு அப், வித் இரண்டும் சேர்ந்தால் சகித்துக்கொள் என்கிறார்கள். "இதுல வைக்கிறது எங்க கீது?" என்று ஒரு வாரம் என்னைக் குடைந்தாள். 'விட்டுக்கொடு' என்பதில் எதை விட்டு எதைக் கொடுக்கிறோம் என்று நான் திருப்பிக் கேட்ட பிறகுதான் அடங்கினாள்.

மனப்பாடம் செய்ய அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கடையில் வீணான தாள்களைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு தொடர் எழுதி, ஒவ்வொன்றையும் இந்தப் பாதையில் ஓரிடத்தோடு முடிந்து வைத்தாள். ஆறு மாதம், சனிக்கிழமைதோறும் கடையைப் பூட்டிவிட்டு இதே வழியில் போய்வந்தாள்.

காலை 6.10க்கு ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினோம். கட்டணம் ஆளுக்குப் பத்து ரூபாய். செங்கல்பட்டு சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஊரப்பாக்கம் நடைமேடை என்றால் கெட் ஆன், அதாவது ஏறு. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம், அது ஹேங் அவுட் வித், கூடிப் பொழுதுபோக்குவது. சிங்கப்பெருமாள் கோவிலில் சாமியை நினைத்து லுக் அப் டு, மதிப்போடு பார்ப்பது. பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி தளும்பிக்கொண்டு வரும், அங்கே ரன் அவுட் ஆஃப். தீர்ந்துபோவது என்பதை நினைவில் வைக்கத் தீராத ஏரியைப் பிடித்திருக்கிறாள் பாருங்கள்! ஜன்னலோர இடம் கிடைத்தால் ஏரியை விட்டுவிடாதீர்கள்.

6.50க்கு செங்கல்பட்டு. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் நான் நடைமேம்பாலத்தில் விறுவிறுவென்று ஏறிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் பத்தடி முன்னால், அவள் பின்னால். மூச்சிரைக்க வந்து சேர்ந்தவள், "இந்தப் படிக்கு இன்னா வச்சிருக்கேன் தெரியுமா? கேட்ச் அப் வித். முன்னால போறவங்களை ஓடிப் போய்ப் பிடிக்கிறது. உங்களாலதான் இது மறக்கவே மாட்டேங்குது" என்றாள். நான் சிரித்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். வழக்கம்போல முன்னால்தான்.

7.10 பேருந்து, திருக்கழுக்குன்றம் வழி. ஆளுக்கு முப்பது ரூபாய் ஆனது. 8.10க்கு மாமல்லபுரத்தில் இறங்கி, நின்றபடியே நாஸ்தா முடித்தோம். மல்லிகா அரை இட்லிக்கு மேல் தொடவில்லை. 8.30க்கு நிறுவனத்தின் வேன் வந்தது. பயணிகள் எட்டுப் பேர், மதிப்பெண் போட அட்டையும் பேனாவுமாக உரிமையாளர் அம்மா. ஓட்டுநர் கண்ணன் என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்த, வூட்டுக்காரம்மாக்கு டெஸ்ட்டுன்னா நீ ஏன் வேர்த்துகினு கீற?"

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பதினான்கு கிலோமீட்டர். ஒன்பது மணிக்குக் கோட்டை வாசலில் இருந்தோம். நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. உரிமையாளர் அம்மா சொன்ன நிபந்தனை இரண்டு: கோட்டைக்குள் குறித்த ஆறு இடங்களையும் காட்ட வேண்டும், தொண்ணூறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

மல்லிகா அமர்க்களமாக ஆரம்பித்தாள். டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்களில் இருக்கும் நுணுக்கமான செதுக்கலைக் காட்டினாள். பயணிகள் குறுக்கே குறுக்கே கேட்ட கேள்விகளில் பொடி வார்த்தைகள் பொரிந்தன. ஒன்றில்கூட அவள் தடுமாறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது இடமான தானியக் கிடங்கின் பக்கத்தில், பயணிகளில் ஒருவரான மார்கரெட் என்ற அம்மையார், எழுபது வயதிருக்கும், ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி. "கோ ஆன் வித்தவுட் மீ. ஐ வில் கேட்ச் அப் வித் யூ" என்றார் சிரித்துக்கொண்டே. நீங்கள் போங்கள், நான் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று அர்த்தம். மற்ற ஏழு பேரும் சரியென்று தலையாட்டி நடக்கத் தொடங்கினார்கள். அவர்கள் ஊரில் அது சாதாரணம்.

மல்லிகா நகரவில்லை. அந்த அம்மையாரின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு, "நோ மேடம். வீ வில் கேட்ச் அப் வித் யூ" என்றாள். நாங்கள்தான் உங்களிடம் வந்து சேரவேண்டும் என்று சொல்லிவிட்டு, முன்னால் போனவர்களைக் கைதட்டி அழைத்து, மரத்தைச் சுற்றி உட்காரவைத்தாள். மீதி மூன்று இடங்களின் கதையையும் அங்கிருந்தே கைநீட்டிக் காட்டிச் சொன்னாள். பார்க்க விரும்பியவர்கள் பதினைந்து நிமிடம் தாங்களே போய்வந்தார்கள். மல்லிகா மார்கரெட்டோடு இருந்தாள்.

உரிமையாளர் அம்மா அட்டையில் எதையோ எழுதினார். எனக்குக் கவலையாகிவிட்டது. கோபமும்தான். ஆறு மாதச் சனிக்கிழமை ஒரு மரத்தடியில் போச்சே!

"இன்னா அண்ணாத்த, உன் வூட்டம்மா இங்கியே டேரா போட்டுட்டாங்க?" என்றார் கூடவே வந்திருந்த கண்ணன்.

10.30க்கு எல்லோரும் வேனில் ஏறினார்கள். உரிமையாளர் அம்மா மல்லிகாவைத் தனியாக நிறுத்தினார். "மூணு இடத்துக்கு நீங்க கூட்டிட்டுப் போகல."

"ஆமா மேடம்."

"இன்னொருத்தர் ஆறும் காட்டினார்."

"நம்மள நம்பி வந்தவங்கள ஒத்தையில உக்கார வச்சிட்டு மீதி பேரோட எப்படி மேடம் போறது? எனக்கு வராது. வேணும்னா மார்க்கைக் கொறச்சிக்கோங்க."

அவர் பேனாவை மூடினார். "அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க. பன்னெண்டு பேர்."

என் மனைவி என்று அங்கே நின்றவர்களிடமெல்லாம் கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கண்ணனிடம் மட்டும் மூன்று தடவை சொன்னேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கோட்டைக்குள் நிழல் குறைவு, காலையிலேயே போங்கள். தண்ணீர் கட்டாயம். கல்லறைக் கற்களின் மேல் உட்காராதீர்கள். மாமல்லபுரத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு மாலை திரும்பும்போது செங்கல்பட்டில் பேருந்து நிலையத்திலிருந்து நடைமேடைக்கு வேகமாக நடந்தால் ஐந்து நிமிடம். அப்படி நடந்தால் 4.35 வண்டி கிடைக்கும்.

எங்களுக்குக் கிடைக்கவில்லை. நடைமேம்பாலத்தின் பாதிப் படியில் நான் நின்றுவிட்டேன். கீழே மல்லிகா தன் துண்டுத் தாள்கள் போட்ட பையோடு ஏறிக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு நிக்கிறீங்க? வண்டி போய்டப் போவுது!"

"போகட்டும், நீ மெதுவா வா" என்றேன்.

அடுத்த வண்டி 5.00 மணிக்கு இருக்கிறது. பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொண்டு, கூட வருபவரோடு சேர்ந்து நடந்து அதைப் பிடியுங்கள். இடமும் நன்றாகவே கிடைக்கிறது.