குட்டி போடும் காலத்தில் ராஜமலை

போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு முடிந்து, நான் மூணாறு சாலையில் நடந்துகொண்டிருந்தேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. நடந்தால் ஏதாவது ஒரு வேலை கிடைக்கும் என்பது ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து என் நம்பிக்கை. பெரும்பாலும் கிடைத்தும் இருக்கிறது. பின்னால் வந்த வேன் ஒன்று நின்றது. "ஏனுங்க தம்பி, ராஜமலைக்கு இப்படித்தான் போகோணுங்களா?" என்று ஒரு அக்கா தலையை நீட்டினார். எங்கள் சித்தூர்ப் பக்கத்துக் கொங்குப் பேச்சு. வழிகாட்ட ஏறிக்கொண்டேன்.

அக்கா எங்கள் பக்கத்து எருத்தேன்பதியில் வெள்ளாடு வளர்ப்பவர். கல்யாணம், சாவு தவிர வேறெதற்கும் பட்டியை விட்டு நகராதவர். போடியில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு, வரையாட்டைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று கணவரை மலையேற்றியிருந்தார். பாறைச் சரிவில் நிற்கும் அந்த ஆட்டைக் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாம். மடியில் போடியில் வாங்கிய ஒரு கட்டு அகத்திக்கீரை. காட்டு ஆட்டுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்றேன். "ஆட்டைப் பாக்கப் போறப்ப வெறுங்கையோடயா போறது?" என்றார். வழியெல்லாம் தேயிலை மலைகளை வேனில் வந்த உறவினர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதில் ஒரு வாய் ஆடு மேயுமா என்று மட்டும் அக்கா கேட்டார். மூணாற்றின் சாக்லேட் கடைகளுக்கு நடுவே டீ குடிக்கக்கூட இறங்கவில்லை.

ராஜமலையில் வரையாட்டுப் பூங்காவின் வாசல் அடைத்திருந்தது. வருடாவருடம் அந்தச் சமயத்தில் அடைப்பார்களாம். மலையிலேயே வேலை செய்தும் எனக்குத் தெரியாது. வாசலில் ஒரு கூட்டம் காவலரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் கணவர் என்னை முறைத்தார். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஏன் என்று கேட்டார்.

"வரையாடு பிரசவிக்கிற சமயம், சேச்சி. ஆள் உள்ளே கேறக்கூடாது" என்றார் காவலர்.

அக்கா சற்று நேரம் மலையைப் பார்த்தார். பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"குட்டி போட்ட பட்டிக்குள்ள எங்கூட்டுக்காரரையே நான் உடறதில்லீங்க. கண்ணு பட்டா குட்டி பால் குடிக்காது. போங்க, போங்க."

சிலர் சிரித்தார்கள். ஆனாலும் நகர்ந்தார்கள்.

அக்காவுக்கு ஏமாற்றம் இல்லாமல் இல்லை. ஊர்ப் பக்கம் போகிற வேன் என்பதால் நானும் அதிலேயே திரும்பினேன். மறையூரில் சாலையோரம் கட்டியிருந்த ஓர் ஆட்டுக்கு அகத்தியைப் போட்டுவிட்டு, உடுமலை வரை ஜன்னல் பக்கமே பார்த்து வந்தார். அதன்பின்தான் என்னைக் கேட்டார், பட்டியில் வேலைக்கு வருகிறாயா என்று.

இப்போது நான் மூணாறுக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். வாசல் அடைக்கும் மாதங்களில் வருகிறவர்களிடம் அக்கா சொன்னதைத்தான் சொல்கிறேன். யாரும் அதிகம் சண்டை போடுவதில்லை.

அக்கா கேட்ட வேலைக்கு ஒப்புக்கொண்டு, ராஜமலையிலிருந்து திரும்பிய அன்றிரவே அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். விடிவதற்குள் அக்காவின் இரண்டு ஆடுகள் ஈன்றிருந்தன. குட்டிகளைப் பார்க்கும் ஆசையில் பட்டியின் வாசல் படலில் கை வைத்தேன். "நீ அந்நியம். வெளிய நில்லு" என்றார். யாரையும் உள்ளே விடாமல் படலுக்கு வெளியே நின்றதுதான் அங்கே நான் பார்த்த முதல் வேலை.