கருவேப்பிலைக்குப் போட்ட உரம்

மூன்று வருடங்களுக்கு முன், சிட்னி விமான நிலையத்தில் நடந்தது இது. தங்கையின் நிக்காஹ்வுக்காகத் தனியாகச் சென்னைக்குக் கிளம்பியிருந்தேன்.

எங்கள் குடும்பம் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கிறது. பெருநாளன்று வீடியோ காலில் கூடினால், யாரை எந்த நாடு அதிகம் சந்தேகப்பட்டது என்று போட்டியே நடக்கும். பிள்ளைகள் பள்ளியில் எதையாவது உளறி, டீச்சர் அதைத் தீவிரவாதப் பேச்சென்று மேலிடத்தில் சொல்லிவிடுவாரோ என்று லண்டன் அண்ணனுக்குக் கவலை. பாரிஸ் அக்கா மகனை ரயில் நிலையத்தில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்களாம். எனக்கு வெடிமருந்துச் சோதனை. ரேண்டமாகத்தான் ஆள் எடுக்கிறோம் என்பார்கள். அந்த ரேண்டம் ஒவ்வொரு தடவையும் முக்காடு போட்ட நானாகத்தான் இருப்பேன்.

அன்றும் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். உள்ளங்கையைத் துடைத்த துணியை மெஷினில் வைத்ததும் அது வீலென்று கத்தியது பாருங்கள்!

"யா அல்லாஹ், உரம்!" என்று முனகினேன். கிளம்புகிற அவசரத்தில், சிட்னி மெரிலேண்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக் கருவேப்பிலைச் செடிக்கு வெறுங்கையால் உரம் அள்ளிப் போட்டிருந்தேன். சில உரங்களை வைத்து வெடிகுண்டு செய்வார்கள் என்று செய்தியில் பார்த்த ஞாபகம் வேறு.

பின்னால் நின்ற இலங்கைத் தமிழ் ஆன்ட்டிக்கு அது கேட்டுவிட்டது. "அதைச் சொல்லுங்கோவன் பிள்ளை."

"முக்காடு போட்டுட்டு ஏர்போர்ட்ல நின்னு உரம்னு சொல்லச் சொல்றீங்களா ஆன்ட்டி?"

வாய்விட்டுச் சிரித்தவர், என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "ஓம், சொல்லுங்கோ. நான் போகேல்லை, இதிலதான் நிக்கிறன்."

விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. விட்டால் நிக்காஹ் போச்சு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

அதிகாரிப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன செடிக்கு?" என்றார். கருவேப்பிலை என்றேன். "குளிரில் பட்டுப்போகாமல் எப்படி வளர்க்கிறீர்கள்? நானும் வைத்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் போய்விட்டது" என்று பெருமூச்சு விட்டார்!

ஆனாலும் வேலையில் விட்டுக்கொடுக்கவில்லை. பையைக் கொட்டிக் கவிழ்த்து, கையைக் கழுவவைத்து, மறுபடி சோதித்த பிறகுதான் விட்டார். அதுவரை ஆன்ட்டி அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஓட்டமாய் ஓடி, கடைசி ஆளாக விமானம் ஏறினேன்.

இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எரிச்சல் வரத்தான் செய்கிறது. எந்த நாட்டுச் சட்டம் மேல் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது; ஆனால் சோதனையில் யாராவது தனியாக முழித்துக்கொண்டு நின்றால், என் கால் தானாகவே அவர் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது.