மூடி போட்ட ஜக்கு

எங்கள் அத்தைக்கு நகை மேல் ஆசை கிடையாது, பட்டுப்புடவை மேலும் கிடையாது. அவளுடைய ஆசையெல்லாம் வெள்ளைக்காரர்கள் மலையில் விட்டுவிட்டுப் போன தண்ணீர் ஜக்குகள் மேல்தான். உடம்பு கனத்த கண்ணாடி. வாயைச் சுற்றியும் கைப்பிடியிலும் வெள்ளிப் பூண். எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது அப்படிப்பட்டவை எட்டோ ஒன்பதோ போடியில் எங்கள் வீட்டு உள்ளறை அலமாரியில் இருந்தன. எங்கள் தெருவில் சாமி படத்துக்கு இல்லாத மரியாதை அந்த அலமாரிக்கு இருந்தது என்று அம்மா சொல்லுவாள். சொல்லும்போது அதில் மரியாதை இருக்காது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடிகாலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, அத்தனை வளைவுகளும் ஏறிப் போவாள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வருவாள். அவள் வீட்டுக்குள் நுழைந்தால் பச்சை ஏலக்காய் வாசமும் சாக்பீஸ் வாசமும் சேர்ந்து வரும்.

முதல் ஜக்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு மாணவியின் வீட்டில். மேலே ஒரு பழைய பங்களா கைமாறியபோது, புதிதாக வந்தவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய தட்டுமுட்டுச் சாமான்களைத் தொழிலாளர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஜக்கு சீமெண்ணெய் ஊற்றி வைக்கப் பயன்பட்டது. பூணெல்லாம் அடுப்புக்கரி மாதிரி கறுத்துப் போயிருந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, மாணவியின் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம்.

"என்ன டீச்சரே, சீமெண்ண ஜக்கப் போயி இந்தப் பார்வ பாக்குறீக?"

மறுநாள் அத்தை ஒரு எவர்சில்வர் குடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து ஜக்கை வாங்கி வந்தாள். குடத்துக்கு ஜக்கு என்றால் மேலே யாருக்கும் வருத்தமில்லை. கீழே எங்கள் வீட்டில்தான் வருத்தம். அந்தக் குடம் அம்மாவுக்குச் சீராக வந்தது. அம்மா பதினைந்து நாள் அத்தையோடு பேசவில்லை.

டீச்சருக்கு ஓட்டை உடைசல் மேல் கிறுக்கு என்று மலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பிறகு அவள் தேடிப் போகவே வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி கரண்டிகளைச் செருகி வைத்திருந்ததைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி கறிவேப்பிலைக் கன்று நட்டு வைத்திருந்ததை மண்ணோடு கொண்டுவந்தாள். அத்தை ஒவ்வொரு சம்பளத்துக்கும் குடமும் தூக்குவாளியும் வாங்கி மேலே கொண்டுபோனாள். கீழே வரும்போது மடியில் ஒரு ஜக்கு இருக்கும்.

அதைத் துலக்குவது எங்கள் இருவரின் ஞாயிற்றுக்கிழமை வேலை. புளியைக் கொண்டு தேய்த்தால் வெள்ளி கீறிவிடும் என்பாள். சாக்பீஸ் துண்டுகளை அம்மியில் பொடித்து, சலித்து, தண்ணீரில் குழைத்து, பழைய வேட்டித் துணியால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கறுப்பு போகப் போக உள்ளிருந்து கொடியும் இலையும் பூவும் எழுந்து வரும். கடைசியில் பூணின் ஓரத்தில் எறும்பு அளவுக்கு ஒரு முத்திரை தெரியும். அத்தை பூதக்கண்ணாடியை என் கையில் கொடுப்பாள்.

"சிங்கம் நடக்குதா பாரு. நடந்தா அசல் வெள்ளி. இல்லாட்டி மேப்பூச்சு."

எனக்கு அது நாய் மாதிரி தெரியும். ஆனாலும் "நடக்குது அத்தே" என்பேன். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறகு ஜக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி ஜன்னல் மேடையில் வைப்பாள். சுவரில் வெளிச்சம் நெளியும். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த வருஷம் கடைசியாக வந்தது மூடி போட்ட ஜக்கு. மற்றவையெல்லாம் வாய் அகன்று, பானை மாதிரி உருண்டிருக்கும். இதற்குக் கழுத்து ஒடுக்கம். கட்டைவிரலால் அழுத்தினால் திறக்கிற மூடி. பூண் முழுக்கத் திராட்சைக் குலைகள். எங்களுக்குத் தெரிந்த திராட்சை கம்பத்துப் பன்னீர் திராட்சைதான். ஆகவே இங்கிலாந்திலும் ஒரு கம்பம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து அப்பா களைத்துப் போயிருந்தார். அந்த நேரத்தில்தான் கம்பத்திலிருந்து ஒரு இடம் வந்தது. சொந்தத் திராட்சைத் தோட்டம், ஒரே பையன், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சாதகமும் பொருந்திவிட்டது. அப்பா ஏலக்காய் மண்டிக்கு ஒரு நாள் லீவு போட்டார். அவர் லீவு போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெண் பார்க்க ஐந்தாறு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை வந்ததிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் அவருடைய அம்மாதான். கூட வந்தவர்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். நரைத்த புருவமும் இஸ்திரி போட்ட சட்டையுமாக ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, பெண்ணைப் பார்க்க உள்ளறைக்கு வந்தாள். அத்தையின் தலையில் பூவைச் சரிசெய்து, தாடையைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள். குரலில் பிரியம்தான் இருந்தது.

"இனி அந்த மல ஏறி எறங்குற சோலியெல்லாம் வேணாம் தாயி. தோட்டம் இருக்கு, வீடு இருக்கு. ராணி மாதிரி இருக்கலாம்."

"அதெல்லாம் விட்ரும் மதினி. வேலைக்கு அடுத்த மாசமே எழுதிக் குடுத்துரும்," என்றாள் அம்மா.

அந்த அம்மாள் அலமாரியைப் பார்த்தாள்.

"இதென்ன இம்புட்டுக் கண்ணாடிச் சாமான்? நாளப்பின்ன சின்னப் பிள்ளைக ஓடியாடுற எடம். யாருக்காச்சும் குடுத்துருங்க."

"குடுத்துரலாம்," என்றாள் அம்மா, கொஞ்சம் வேகமாகவே.

அத்தை தலையிலிருந்த பூவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா கூடத்துக்குத் திரும்பினாள். அம்மா பஜ்ஜி போட அடுப்படிக்குப் போனாள். கூடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கும் சத்தம் வந்தது. அடுப்படி மேடையில் புது எவர்சில்வர் ஜக்கில் தண்ணீர் தயாராக இருந்தது. நான் அதை எடுக்க ஓடினேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அலமாரியைத் திறந்து, மூடி போட்ட ஜக்கை எடுத்து, அறையிலிருந்த பானையிலிருந்து தானே தண்ணீரை ஊற்றினாள்.

"ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க. வெரசாப் போகாத."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்திருப்பவர்களோ திராட்சைத் தோட்டக்காரர்கள். ஜக்கிலோ திராட்சை. அத்தை எவ்வளவு பொருத்தமாக யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு டம்ளரில் ஊற்றினேன். அவள் பாதி குடித்திருப்பாள். தாய்மாமன் துண்டில் கையைத் துடைத்தபடி எழுந்து வந்தார். என் கையிலிருந்த ஜக்கைப் பிள்ளையை வாங்குவது போல வாங்கினார்.

"இத எங்கிட்டுத் தாயி பிடிச்சீக?"

கட்டைவிரலால் மூடியைத் திறந்து மூடினார். அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. வாலிபத்தில் அவர் மேலே ஒரு பங்களாவில் பட்லராக இருந்தவராம். அந்தக் குடும்பத்தில் அதை யாரும் வெளியே சொல்வதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

"எங்க தொர வீட்டுல அச்சு அசலா இதே இருந்துச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒயின இதுல ஊத்தி மேசைக்குக் கொண்டாறது என் சோலி. ஒரு சொட்டு விரிப்புல விழுகக் கூடாது," என்று சொல்லி, ஒரு டம்ளரை எடுத்து ஊற்றிக் காட்டினார். கடைசியில் மணிக்கட்டை லேசாகத் திருப்பினார். உண்மையிலேயே ஒரு சொட்டு விழவில்லை.

கூடத்தில் யாரும் அதை ரசிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள். பஜ்ஜித் தட்டோடு வந்த அம்மாவுக்கு விஷயம் பாதிதான் புரிந்தது.

"அது தண்ணி ஜக்குண்ணே. வெள்ளைக்காரன் தண்ணி குடிச்சது."

"இல்ல ஆத்தா. தண்ணி ஜக்குக்கு வாய் அகலமா இருக்கும், மூடி இருக்காது. இதுல பாருங்க, திராட்சக் கொலையே போட்ருக்கான்," என்றார் அவர். பாவம், அவருக்கு வந்த வேலை மறந்துவிட்டது.

"போதும், ஒக்காருங்க," என்றாள் அவருடைய தங்கையான மாப்பிள்ளையின் அம்மா.

பஜ்ஜி அப்படியே இருந்தது. இரண்டு நாளில் சொல்லி அனுப்பினார்கள், சாராயச் சாமான் புழங்குகிற வீட்டில் பெண் எடுக்கத் தோதுப்படாது என்று.

அந்தச் சொல் வந்த அன்று சாயங்காலம் அப்பா எங்களை நிற்க வைத்துக் கேட்டார்.

"எவர்சில்வர் ஜக்கு இருக்கையில இத யாரு எடுத்துக்கிட்டு வந்தது?"

அத்தை சுவரோரம் நின்றாள். அவளுக்கு அது ஒயின் ஜக்கு என்று தெரிந்திருக்காது, தெரியாமல் செய்துவிட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. எத்தனையோ புத்தகம் படித்த டீச்சருக்கு இது தெரியவில்லையே என்று ஊர் சிரிக்கும். அவளை எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

"நானாத்தான் எடுத்தேன்," என்றேன்.

அப்பா அதுவரை என்னை அடித்ததில்லை. அன்று கன்னத்தில் ஒன்று வைத்தார். அடித்த பிறகு தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அத்தை என்னைத் தூக்கிக்கொள்ளவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. என்னைப் பார்த்தபடியே நின்றாள். அது நன்றிப் பார்வை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜக்குகள் இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை ஏலக்காய்ச் சாக்கு நான்கைந்து கேட்டு வாங்கி, பழைய சேலைகளில் ஒவ்வொன்றாகச் சுற்றி அடுக்கினாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் டீச்சருக்கென்று ஒரு குவாட்டர்ஸ் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதற்கு எழுதிப் போட்டாள். கோபத்தில் போகிறாள், பத்து நாளில் குளிர் தாங்காமல் வந்துவிடுவாள் என்றார் அப்பா.

அத்தை வரவில்லை. அங்கேயே இருந்து, ஓய்வு பெற்று, இப்போதும் மலையிலேயே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். தாய்மாமன் மட்டும் சாகிறதற்கு முன் இரண்டு தடவை தனியாக மேலே போய் ஜக்கைப் பார்த்துவிட்டு வந்ததாகக் கேள்வி.

போன வைகாசியில் அவளைப் பார்க்கப் போனேன். ஜக்குகள் இருபதுக்கு மேல் ஆகிவிட்டன. சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அத்தே, அது தண்ணி ஜக்கு இல்லேன்னு அன்னைக்கு ஒனக்குத் தெரியுமா?"

"எங்கிட்ட இருக்குற கண்ணாடிச் சாமான் புஸ்தகத்துல மொதப் பக்கத்துலயே ஒயின் ஜக்குன்னு படம் போட்ருக்கான்," என்றாள் அத்தை. பிறகு அவளே தொடர்ந்தாள்.

"அந்தப் பெரியவரு பட்லரா இருந்தவருன்னு மேல எல்லாருக்கும் தெரியும். அவரு வாயத் தொறப்பாருன்னு எனக்கும் தெரியும். ஆனா நீ அடி வாங்குவேன்னு நெனைக்கல. நாந்தான் வேணும்னே குடுத்துவிட்டேன்னு அண்ணேகிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா இன்னொரு எடத்தப் பாத்து, இன்னும் வெரசா முடிச்சிருப்பாக. அதான் வாய மூடிக்கிட்டேன். அது மட்டும் இன்னும் உறுத்துது தாயி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை அவளைப் பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக எண்ணி, கன்னம் எரிய எரிய உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்ததை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் வீட்டை விட்டுப் போன காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சாக்குகளைத் தூக்கிவிட அப்பா வரவில்லை. நானும் அம்மாவும்தான் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனோம். சாமான்களை அடுக்கிய பிறகு அம்மா ஒதுங்கி நின்றுகொண்டாள். தோட்டத்துப் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அத்தை பின்பக்கம் உட்கார்ந்து ஒரு சாக்கை மடியில் வைத்துக்கொண்டாள். என்னால்தானே இவ்வளவும் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாத அத்தே. அடுத்த மாப்பிள்ளைக்கு நான் எவர்சில்வர் ஜக்குலயே தண்ணி கொண்டாறேன்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அத்தை என் தலையில் கை வைத்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. தோள் குலுங்கியது. ஜீப் கிளம்பி முக்கு திரும்புகிற வரைக்கும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

அத்தை அழுதுகொண்டே போகிறாள் என்று அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அம்மாவும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஜீப்பில் அவள் அன்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழியப் போனாள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை. பக்கத்தில் நின்று பார்த்த எனக்குக்கூட.