நிஷாந்தி வீட்டுச் சொக்லேட் ஊற்று

நிஷாந்தி குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்தபோது, வீட்டிலிருந்தவர்கள் கம்பளியைத்தான் எதிர்பார்த்தார்கள். கந்தப்பளை மலைக் குளிருக்கு வேறு எதைக் கொண்டுவருவாள்? ஆனால் துணிமணிகளுக்கு நடுவே, பிறந்த குழந்தையைச் சுற்றுவது போலத் துவாயால் சுற்றி, பளபளவென்று ஒரு சாமான் இருந்தது. அடியில் ஒரு கிண்ணம். கிண்ணத்தின் நடுவே ஒரு தூண். தூணைச் சுற்றி ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று தட்டுகள், கீழே போகப் போகப் பெரிதாக.

"கோயில் கோபுரமா?" என்று கேட்டாள் பேச்சியம்மா. நிஷாந்தியின் அண்ணன் பொன்னையாவின் மனைவி அவள்.

"சொக்லேட் ஊத்துற மிசின் மதினி. உருக்கி அடியில ஊத்துனா மேல ஏறி, நாலு பக்கமும் மழ மாதிரி வழியும். பழம், பிஸ்கட் எல்லாம் குச்சில குத்தி அதுல நனைச்சுத் திங்கணும்."

"ஒரு தட்டுல ஊத்தித் தொட்டுக்கிட்டா ஆகாதா?"

"ஆகும். அதப் பாக்க யாரு வருவா?"

பொன்னையா அதற்குள் பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்து, இயந்திரத்தைக் கழற்றத் தொடங்கியிருந்தார். முப்பத்துமூன்று வருடங்களாகத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோதைகளைப் பழுதுபார்க்கிறவர். எந்த இயந்திரத்தையும் கழற்றிப் பார்க்காமல் அவர் நம்பியதில்லை. தூணுக்குள்ளே ஒரு நீளமான திருகு இருந்தது. அதைக் கையில் எடுத்து விரலால் சுற்றிப் பார்த்தார்.

"இது சுத்தும். சுத்தச் சுத்தச் சரக்கு மேல ஏறும். சின்ன வேலதான், ஆனா நல்ல வேல," என்றார். பிறகு ஒவ்வொரு துண்டையும் கழற்றிய வரிசையிலேயே தாளில் அடுக்கி வைத்தார்.

தங்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பொன்னையாவுக்கு நேரம் போவது தெரியாது. அப்பா இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது, அவருக்குப் பதினான்கு. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனவர், அவளைப் பத்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போன முதல் மாதத்திலேயே, அவள் கூடையை நிறுத்த கணக்கப்பிள்ளை, அவ்வளவு நிறையைப் பார்த்துத் தராசில்தான் ஏதோ பிழை என்று நினைத்து அதை இரண்டு முறை தட்டிப் பார்த்தாராம். இந்தக் கதையைத் தொழிற்சாலையில் கேட்காதவர் இல்லை. அவளைக் கட்டியவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பத்துக்கு ஆளாகிவிட்டான். அந்தக் கதையைப் பொன்னையா யாரிடமும் சொல்வதில்லை. எட்டு வயது மகள் லோஜினியை அண்ணனிடம் விட்டுவிட்டு நிஷாந்தி விமானம் ஏறினாள். ஒன்பது வருடம் கழித்து, தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஏழு பேர்ச் காணியில் தனக்கென்று ஒரு வீடு எழும்பி நிற்கிறபோது திரும்பி வந்திருக்கிறாள்.

"கம்பளி ஒண்ணும் கொண்டுவரலியா?" என்று பேச்சியம்மா மெல்லக் கேட்டாள்.

"ரெண்டு இருந்துச்சு மதினி. ஏர்போட்டுல நிறை கூடிப்போச்சுன்னாங்க. கம்பளிய வெளிய எடுத்து வச்சிட்டேன்."

பொன்னையா நிமிர்ந்து பார்த்தார். "கம்பளிய வச்சிட்டு இத தூக்கிக்கிட்டு வந்தியா?"

நிஷாந்தி தட்டு ஒன்றை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "மேடம் வீட்டுல வியாழக்கிழமைன்னா விருந்தாளிங்க வருவாங்க அண்ணே. இதுக்குப் பின்னால நிக்கிறதுதான் என் வேல. கட்டி விழாம பாக்கணும், ஒழுகுனா தொடைக்கணும், குச்சி எடுத்துக் குடுக்கணும். எல்லாரும் போனதும் மிச்சத்தக் கொட்டிட்டுச் சுடுதண்ணில நாலு தடவ கழுவணும். மேடம் பெருசா ஒண்ணு வாங்குனதும் இத எனக்குக் குடுத்தாங்க."

"நீ தின்னு பாத்தியா?"

"எங்க? மிச்சத்துல ஆளாளுக்குக் கடிச்ச பழம் மெதக்கும்." அவள் சிரித்தாள். "என் வீட்டுக்கு நாலு பேர் வரணும் அண்ணே. நான் கூப்பிட்டு வரணும். வந்தவங்க முன்னால இது ஓடணும். அவ்வளவுதான்."

பொன்னையா லோஜினியின் அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, நடுப்பக்கத்தைக் கிழித்து, தலைப்பில் 'புதுமனை புகுவிழா' என்று எழுதி அடிக்கோடு போட்டார். கோடு கோணலாகப் போனதால் அழித்துவிட்டு, அடிமட்டம் வைத்து மறுபடி போட்டார்.

ஒத்திகை பார்க்காமல் எந்த இயந்திரத்தையும் வேலைக்கு விடுவது அவருக்கு ஆகாது. முதல் ஒத்திகையில் சொக்லேட் உச்சிவரை ஏறியது, முதல் தட்டில் வழிந்தது, இரண்டாம் தட்டின் விளிம்புக்கு வந்ததும் மெழுகுதிரி வடிந்தது போல அப்படியே தொங்கி நின்றுவிட்டது.

"குவைத்துல இப்படி நிக்காதே," என்றாள் நிஷாந்தி.

"குவைத்துல தேங்காயெண்ணெயும் உறையாது," என்றார் பொன்னையா. அவளுக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. இளக்கம் கொடுக்கத் தேங்காய் எண்ணெய் சேர்க்கவேண்டும். ஆனால் அலமாரியில் இருந்த எண்ணெயே போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாகக் கிடந்தது.

எண்ணெயைச் சுடுநீரில் வைத்து உருக்கினார்கள். குளிருக்குப் பொன்னையா ஒரு வழி கண்டார். கோழிக்குஞ்சுக் கூட்டில் சூட்டுக்காகத் தொங்கிய பெரிய பல்பைக் கழற்றிக் கொண்டுவந்து, இயந்திரத்துக்கு நேர் மேலே மாட்டினார். குஞ்சுகள் அடுப்படியில் ஒரு பெட்டிக்குள் குடியேறின.

இரண்டாம் ஒத்திகையில் சொக்லேட் வழிந்தது, ஆனால் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் மொட்டையாக நின்றது. வீட்டைக் கழுவினால் தண்ணீர் வாசலுக்கு ஓடவேண்டும் என்று மேசன் தரையைச் சற்றுச் சரித்துப் போட்டிருந்தார். பொன்னையா தொழிற்சாலையிலிருந்து ரசமட்டத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சரிவைக் காட்டும் அதன் குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் நின்றது. பழைய பெல்ட்டிலிருந்து ரப்பர்த் துண்டுகள் வெட்டி மேசைக்காலுக்கு அண்டை கொடுத்தார். ஒன்று வைத்தார், எடுத்தார், பாதி வெட்டி வைத்தார். குமிழி நடுவுக்கு வர முக்கால் மணி நேரமாயிற்று. மூன்றாம் ஒத்திகையில் நான்கு பக்கமும் திரை போட்டது போல வழிந்தது. பொன்னையா தாளில் சரி அடையாளம் போட்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணே," என்றாள் நிஷாந்தி. "தண்ணி மட்டும் படக்கூடாது. கொஞ்சம் தெறிச்சாலும் எல்லாம் கட்டியாயிடும்."

பொன்னையா கெட்டி அட்டையில் 'தண்ணீர் படக்கூடாது' என்று எழுதி, மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டினார். வீட்டிலிருந்த எல்லோரையும் அதை ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பேச்சியம்மாவும் வாசித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் பொங்கியது, பூசை முடிந்தது. பத்து மணிக்கெல்லாம் முன்னறை நிறைந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னதாக வந்து, மேசைக்கு நேர் எதிர் நாற்காலியைப் பிடித்திருந்தவர் சோலைமலை. ஓய்வுபெற்ற கங்காணி. நிஷாந்தி வெளிநாடு போன அன்று, "சட்டி கழுவ ப்ளேன்ல போறா பாரு," என்று லயத்துக்கே கேட்கும்படி சொன்னவர் அவர்தான். அவரை அழைக்கவேண்டும் என்று நிஷாந்தி தானே போய் வெற்றிலை வைத்து அழைத்திருந்தாள். அவருக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையைக் கசங்காமல் இழுத்துவிட்டபடி, லோஜினியின் பாடசாலை அதிபர் துரைராசா உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மலையகத்துக்கு வந்து இருபது வருடமாகியும் பேச்சு மாறாதவர்.

"இது என்னா, பைப்பா?" என்றார் சோலைமலை.

"சொக்லேட் மாமா. இப்ப ஓடும்," என்றாள் நிஷாந்தி.

"ஓடுமா, இல்ல பாத்துட்டுப் போறதுக்கா? கோழி பல்பு வேற தொங்குது. குஞ்சு பொரிக்கப் போகுதா?"

நிஷாந்தி பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் மெல்ல முனகியது. உச்சியில் ஒரு பழுப்புக் குமிழ் எழும்பி, உடைந்து, முதல் தட்டை மூடி, இரண்டாவதில் இறங்கி, மூன்றாவதில் விரிந்து கிண்ணத்துக்குள் விழுந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மேசைக்கு மறுபுறம் குனிந்து ரப்பர்த் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னையாவுக்கு நெஞ்சு விரிந்தது.

அப்போது பேச்சியம்மா உள்ளறையிலிருந்து வந்தாள். இடது கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு, வலது கையில் மாவிலைக் கொத்து. அறை அறையாகத் தெளித்து முடித்து, கடைசியாக இந்த அறைக்கு வந்திருக்கிறாள். புது வீட்டில் புதிதாக வந்து நிற்கும் சாமானைத் தெளிக்காமல் விடுவாளா?

பொன்னையா தலையைத் தூக்கியபோது மாவிலை உயர்ந்துவிட்டது.

"பேச்சி," என்று கத்தினார்.

கணவன் கூப்பிட்டதும் அவள் திரும்பினாள். திரும்பியதில் கை இன்னும் வீசலாகப் போயிற்று. ஒரு தெளிப்புக்குப் பதில் மூன்று தெளிப்பு, மூன்றும் கிண்ணத்துக்குள்.

இயந்திரத்தின் சத்தம் மாறியது. ரோதையில் கல் சிக்கினால் வரும் சத்தம் அது. பொன்னையா பாய்ந்து போய் நிறுத்தினார். திரை அறுந்து, தட்டுகளில் திப்பி திப்பியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி படக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கேன்ல," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தண்ணிய யாரு தெளிச்சா? தீர்த்தம்," என்றாள் பேச்சியம்மா. "தீர்த்தம் பட்டுக் கெட்டுப்போற சாமான எந்தக் கடையில வித்தாங்க?"

சோலைமலை எட்டிப் பார்த்தார். "கேப்பக் களி. எங்க ஆத்தா மிசின் இல்லாமலே நல்லாக் கிண்டும்."

பின்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பொன்னையா சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். மேசை, மின்சாரம், குளிர், எண்ணெய், குச்சி, எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தது. பேச்சியம்மா மட்டும் அதில் எங்கும் இல்லை. கெட்டுப்போன பிறகு என்ன செய்வது என்பதும் இல்லை. நிமிர்ந்து தங்கையைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

நிஷாந்தி கரண்டியால் அந்தக் களியை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

"மதினி, காலையில பொங்குன பால் மிச்சம் இருக்கா?"

"சாமிக்கு வச்சது போக ஒரு சட்டி இருக்கு. ஏன்?"

"சுட வச்சுக் கொண்டாங்க. எல்லாத்தையும்."

பொன்னையா பதறிப்போனார். "ஏய், ஒரு துளி கூடப் படக்கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?"

"துளி படக்கூடாது. பட்டுருச்சுன்னா நெறைய ஊத்தணும். ஒரு வாட்டி மேடத்தோட பேரப்பிள்ள ஐஸ் கட்டிய உள்ள போட்டுருச்சு. நாப்பது பேர் உக்காந்திருந்தாங்க. அங்கயே நின்னவ நான், இங்க நிக்க மாட்டேனா?"

"இது எந்த ஊரு ஞாயம்," என்று முணுமுணுத்தாலும் பொன்னையா கிண்ணத்தைக் கழற்றிக் கொடுத்தார். திருகில் ஒட்டியதைச் சுரண்டி, ஈரம் போகத் துடைத்தார். உள்ளே அடுப்பருகில் நிஷாந்தி களியில் சூடான பாலை ஊற்றிக் கிண்டினாள். முதல் டம்ளருக்கு இன்னும் மோசமாயிற்று. இரண்டாவதுக்குக் கட்டிகள் உடைந்தன. நான்காவது டம்ளர் போனபோது, கரண்டியைத் தூக்கினால் நூல் போல இறங்கியது. நிறம்தான் வெளுத்து, நல்ல பால் தேத்தண்ணி போல ஆகிவிட்டது.

பொன்னையா ரசமட்டத்தை மறுபடி வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் இருந்தது. நிஷாந்தி பொத்தானை அழுத்தினாள்.

ஏறியது. வழிந்தது. முன்னைவிட மெல்லிய திரையாக நான்கு பக்கமும் விழுந்தது.

"பால் பட்டதும் ஓடுது பாத்தீங்களா," என்றாள் பேச்சியம்மா, எல்லாம் தன் ஏற்பாடு என்பது போல.

ஆனால் யாரும் எழுந்து வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் துரைராசா எழுந்து, சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார்.

"பிள்ளை, இந்தக் குச்சியை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு ஒருக்காக் காட்டுங்கோவன். நான் படிப்பிக்கிற ஆள், பிழையாய்ச் செய்தால் பிள்ளையள் சிரிக்கும்."

நிஷாந்தி ஒரு ஸ்ட்ரோபெரியைக் குத்திக் கொடுத்தாள். அவர் மெல்ல நீட்டி, சுற்றி, வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "ஓம், நல்லாயிருக்கு," என்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு வரிசை நின்றது, குழாயடியில் நிற்பது போலவே. "நான் முன்னாலயே வந்தேன், தண்ணி குடிக்கத்தான் போனேன்," என்று ஒருத்தி இடம் கேட்டாள். சோலைமலை குச்சியைத் தொடவில்லை.

"எனக்குக் கை இருக்கு," என்று பக்கத்துத் தட்டிலிருந்த உளுந்து வடை ஒன்றை எடுத்து நேராக நீட்டினார். நிஷாந்தி வாயைத் திறப்பதற்குள் வடையின் ஓட்டை நிறைந்துவிட்டது. அவர் கடித்தார், மென்றார். அறை முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"இன்னொரு வட இருக்கா?" என்றார்.

ஒரே அளவாகப் பொறுக்கி, கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பொன்னையா அடுக்கியிருந்த ஸ்ட்ரோபெரிகள் முக்கால்வாசி அப்படியே இருக்க, வடைத்தட்டு வேகமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. இரண்டாம் வடைக்கும் மூன்றாம் வடைக்கும் நடுவே சோலைமலை விரலை நக்கிக்கொண்டு சொன்னார். "நீ சட்டி கழுவத்தான் போறன்னு நெனச்சேன் புள்ள."

"கழுவவும்தான் செஞ்சேன் மாமா. சுடுதண்ணில, நாலு தடவ."

அவர் மூன்றாவது வடையை நீட்டினார்.

பொன்னையா ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரத்துக்குப் பின்னால் நிஷாந்தி நின்றாள். ஒரு கையில் துணி. ஒழுகினால் துடைத்தாள். குச்சி எடுத்துக் கொடுத்தாள். அடுத்து யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். தன் வீட்டில், தான் அழைத்த விருந்தாளிகளுக்கு முன்னால், குவைத்தில் நின்ற அதே இடத்திலேயே நின்றாள்.

அவர் போய் அவள் கையிலிருந்த துணியைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் போ."

"நான் நின்னாத்தான் அண்ணே ஓடும்."

"முப்பத்துமூணு வருசமா மிசினுக்குப் பக்கத்துல நிக்கிறவன் நான். எனக்குச் சொல்லித் தராத. போய் உக்காரு."

அதிபரின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நிஷாந்தி அதன் நுனியில் உட்கார்ந்தாள். யாராவது கூப்பிட்டால் எழுந்துவிடலாம் என்பது போல இருந்தது அந்த உட்காரல். லோஜினி ஒரு ஸ்ட்ரோபெரியைக் குத்தி அம்மாவிடம் நீட்டினாள். நிஷாந்தி கையை நீட்டி அதை நனைத்து, சொட்டாமல் திருப்பி, வாயில் போட்டாள். பொன்னையா கையில் துணியோடு காத்திருந்தார்.

"எப்படி?"

அவள் நிதானமாக மென்று விழுங்கினாள். "இனிப்பு கூடத்தான். இதுக்கா மேடம் வீட்டுல அந்தப் பாடு பட்டாங்க."

பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு காலை இன்னொரு காலுக்குமேல் போட்டாள். வடைத்தட்டில் கடைசியாக இருந்த ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரலை நீட்டிக் காட்டினாள்.

"அண்ணே, அந்தப் பக்கம் ஒழுகுது பாருங்க. தொடைங்க."

பொன்னையா குனிந்து துடைத்தார்.