இரண்டு பேக்கும் ஒரு கயிறும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கால்பந்து விஷயத்தில் என்னைப் போன்ற ஒரு முட்டாள் மதுரை ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டான். ஆயுளில் ஒரே ஒரு தடவை பந்தை உதைத்திருக்கிறேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. என் வலது கால் கட்டைவிரல் நகம்தான் போயிற்று. அந்த ஒரு நகத்தைத் தகுதியாக வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் ஒரு டீமுக்கு எப்படி ஆட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு வெளியே நின்று, யாரும் கேட்காமல், தொண்டை கிழிய.

போன வாரம் கோரிப்பாளையம் முக்கில் சைக்கிள் பஞ்சராகிவிட்டது. உருட்டிக்கொண்டு போய் முதலில் கண்ணில் பட்ட கடையில் நிறுத்தினேன். சிலருக்கு மல்லிகைப்பூ வாசம் பழசைக் கிளப்பிவிடும் என்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூசன் வாசம்தான். மூக்கில் ஏறியதும் நாற்பது வருஷம் பின்னால் போய் விழுந்துவிட்டேன். விழுந்தவனைப் பிடித்து நிறுத்தியது ஒரு குரல்.

"என்ன ரைட்டரே, இன்னும் உசுரோடதான் இருக்கீகளா?"

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்த கிழவர் தலையைத் தூக்காமலே கேட்டார். காசிம் பாய். எங்கள் மில் டீமின் கேப்டன், வலது பக்க பேக். கடை மகனுடையது, பஞ்சர் மட்டும் இவர் கையால்தான் ஒட்ட வேண்டுமாம். அந்தக் காலத்திலும் அப்படித்தான். தோல் பந்துக்குள் ரப்பர் பிளாடர் இருக்கும். அதில் ஓட்டை விழுந்தால் காசிம் பாய்தான் ஒட்டுவார். ஊதி உள்ளே திணித்து, செருப்புத் தைப்பது போல வாரால் இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கட்டு இருக்கும் பக்கமாகப் பந்து தலைக்கு வந்தால் தொலைந்தோம். எங்கள் சென்டர் ஃபார்வர்டு நெற்றியில் மூன்று கோடு நிரந்தரமாகவே பதிந்திருந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை பெரிய சிவபக்தர் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கேயோ போகிறேன். டீமைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு நான் ஒரு பஞ்சு மில்லில் டயம் ஆபீஸ் குமாஸ்தா; தொழிலாளிகள் வாயில் 'ரைட்டர்'. சங்கு ஊதினால் யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிக்கிற வேலை. சாயங்காலச் சங்கு ஊதியதும் பேனாவை மூடிவிட்டு மில்லுக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்கு ஓடுவேன். அங்கேதான் டீம் பழகும். எல்லாருக்கும் வெறுங்கால். கோல் கம்பத்துக்கு இரண்டு மூங்கில்.

கோலுக்கு முன்னால் காவல் நிற்கும் இரண்டு பேரை பேக் என்போம். ஒருவர் காசிம் பாய். நிதானத்துக்குக் கால் முளைத்தது போல இருப்பார். கோலை விட்டு நான்கடி நகர மாட்டார். இன்னொருவன் கருப்பணன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கொல்லைக்காடு உள்ள குடும்பம்; அங்கிருந்து தினம் நடந்தே வேலைக்கு வருவான். அவன் நேர் எதிர். பந்து எங்கே போனாலும் பின்னாலேயே போவான். எதிராளியின் கோல் கம்பம் வரை போய்விட்டு, திரும்பி வரும்போது நம் கோலில் பந்து விழுந்திருக்கும். "எவன்டா விட்டது?" என்று நம்மையே கேட்பான்.

இந்த இருவரையும் சரிக்கட்டுவதுதான் பிட்டர் சாமிக்கண்ணு அண்ணனின் பாடாக இருந்தது. பாய்லர் பிட்டர். டீமுக்குப் பயிற்சி சொல்பவரும் அவரே. அதிகம் பேச மாட்டார். பாய்லர் பேசுகிற பேச்சில் தான் வேறு எதற்கு என்று நினைத்திருக்கலாம். ஒருநாள் அவர் பழைய கயிறு ஒன்றோடு வந்தார். மிஷினில் ஓடி ஓடித் தேய்ந்துபோன பருத்திக் கயிறு. பத்து கெஜம் இருக்கும். ஒரு முனையைக் கருப்பணன் இடுப்பிலும் மறு முனையைக் காசிம் பாய் இடுப்பிலும் கட்டிவிட்டு, "ம், ஆடுங்க" என்றார்.

கருப்பணன் பந்தைப் பார்த்து ஓடினான். பத்து கெஜம் போனதும் கயிறு இழுத்தது. அந்தப் பக்கம் காசிம் பாய் குப்புற விழுந்தார். பொட்டலே சிரித்தது. என் சிரிப்புத்தான் கடைசியாக நின்றது.

"என்னண்ணே, ஏர் பூட்டுறீகளா?" என்றேன்.

பிட்டர் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவிழ்ந்த முடிச்சைத் திரும்பப் போட்டார். ஒருவன் பந்துக்குப் போனால் மற்றவன் அதே அளவுக்கு அவன் முதுகுப் பக்கம் வந்து நிற்க வேண்டும். ஒருவன் திரும்பினால் மற்றவன் விலக வேண்டும். இதை வாயால் சொல்லி அலுத்துப்போய்த்தான் கயிற்றால் சொன்னார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. எனக்கு என்று ஒரு கொள்கை இருந்தது: இரண்டு பேக்கும் மேலே ஏறி ஆட வேண்டும். கோலைக் காக்க கோலி இருக்கிறான், கூடவே கடவுள் இருக்கிறார். தினமும் கோட்டுக்கு வெளியே நின்று, "ரெண்டு பேக்கும் மேல ஏறுங்கப்பா" என்று கத்துவேன். கருப்பணன் கேட்பான். அதுதான் சிக்கல்.

"ஏன் ரைட்டரே, தொண்டை வலிக்கலையா?" என்று பிட்டர் அண்ணன் ஒருநாள் கேட்டார். அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து, "இல்லண்ணே" என்றேன்.

பத்து நாள் கயிற்றுப் பழக்கத்துக்குப் பிறகு ஒரு காலேஜ் டீமோடு ஆட்டம். கயிற்றை அவிழ்த்துவிட்டு இறக்கினார்கள். அவிழ்த்துவிட்டதும் இரண்டு பேருக்கும் தலைகால் தெரியவில்லை. ஒரே பந்துக்கு இருவரும் ஓடி மண்டையோடு மண்டை மோதிக்கொண்டார்கள். நான்கு கோல் வாங்கினோம். காலேஜ் பையன்கள், "கட்டுங்கப்பா, கயித்தைக் கட்டுங்க" என்று பாடாத குறை.

எனக்கு மானம் போயிற்று. ஆடாதவனுக்குத்தான் ஆட்டத்தில் மானம் அதிகம் போகும். வீட்டுக்கு வந்த சூட்டோடு உட்கார்ந்து மில் மானேஜர் துரைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். எழுத்து தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன். இங்கிலீஷில் எழுதினால் குமாஸ்தா என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தமிழில் எழுதினேன். அவ்வளவு மூளை. பிட்டர் சாமிக்கண்ணு தொழிலாளிகளை மாடு கட்டுவது போலக் கட்டுகிறார் என்று ஆரம்பித்து, அது போதாது என்று தோன்றவே, அந்தக் கயிறு மில்லுக்குச் சொந்தமானது, கேட் பாஸ் இல்லாமல் வெளியே போனது என்றும் சேர்த்தேன். அதன் பிறகும் மனம் ஆறாமல் இன்னொரு பக்கம் நிறைய, பேக் ஆட்டம் எப்படி ஆடப்பட வேண்டும் என்று விளக்கினேன். அடியில் 'நியாயத்தை விரும்பும் ஒரு தொழிலாளி' என்று போட்டேன். துரைக்கு விஷயம் புரியட்டுமே என்று உறையின் மேல் மட்டும் 'ஃபுட்பால் பிட்டர் விஷயம், அவசரம்' என்று இங்கிலீஷில் எழுதி, விடிந்ததும் ஆபீஸ் பெட்டியில் போட்டேன்.

போட்ட பிறகுதான் அந்தக் கயிற்று வரி உறைத்தது. எங்கள் மில்லில் ஒரு பிடி கழிவுப்பஞ்சு மடியில் இருந்தால்கூட அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். பிட்டர் அண்ணன் குடியிருந்தது மில் லைன் வீடு. வேலை போனால் வீடும் போகும். ஐந்து பிள்ளைகள். அந்தத் தேய்ந்த கயிற்றை ஸ்டோர்காரர் வாய்வார்த்தையாகக் கொடுத்தது எனக்கே தெரியும். காகிதம் ஏது?

துரை அப்போது கொடைக்கானலில் இருந்தார். சித்திரை வெயிலுக்குப் பயந்து மலை ஏறினால் மூன்று வாரம் இறங்க மாட்டார். அதுவரை கடுதாசி அவர் அறை வாசலில், பூட்டிய பெட்டியில். நான் தினமும் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவேன். அதுவும் என்னைப் பார்த்த மாதிரி இருக்கும்.

பொட்டலில் பிட்டர் அண்ணன் கயிற்றைத் திரும்பக் கட்டிப் பழக்கிக்கொண்டிருந்தார். இதற்கு நடுவில் கோப்பை ஆட்டம் வந்தது. தமுக்கம் மைதானம். எதிரே திருச்சியிலிருந்து வந்த டீம். பதினொரு பேரும் பூட்ஸ் போட்டவர்கள். எங்கள் ஆட்களின் வெறுங்காலைப் பார்த்து ஒருவன், "செருப்பைக் கோயில்ல விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டான்.

அன்றைக்கு நான் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. இரண்டு பேர் இடுப்பிலும் கயிறு இல்லை. ஆனால் இருந்தது. கருப்பணன் இடது ஓரத்துக்குப் பாய்ந்தால், காசிம் பாய் யாரோ சுண்டி இழுத்தது போல அவன் முதுகுப் பக்கம் போய் நிற்கிறார். காசிம் பாய் எதிராளியை மறிக்க முன்னால் போனால், கருப்பணன், அந்தக் கருப்பணன், பந்தை விட்டுவிட்டுப் பின்னால் வருகிறான். இருவருக்கும் நடுவே பத்து கெஜம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திருச்சிக்காரர்கள் எந்தச் சந்தில் நுழைந்தாலும் அங்கே ஒருவர் இருந்தார். பழக்கத்தில், "மேல ஏறு" என்று கத்த வாயைத் திறந்தேன். கருப்பணன் திரும்பி, "சும்மா இரு மாப்ள" என்றான். வாயை மூடினேன். அந்த ஆட்டத்துக்கு நான் செய்த ஒரே உபகாரம் அது.

கடைசியில் எங்கள் சிவபக்தர் நெற்றியால் ஒரு கோல் போட்டார். ஜெயித்தோம். எல்லாரும் பிட்டர் அண்ணனைத் தூக்கினார்கள். நானும் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினேன். அந்தக் காலை வாரிவிடக் கடுதாசி போட்டவனும் நான்தான் என்று நினைத்தபோது பிடி நழுவியது. "பாத்துப் பிடிங்க ரைட்டரே, போட்டுறாதீக" என்றார் மேலேயிருந்து.

அடுத்த திங்கட்கிழமை துரை இறங்கி வந்தார். பத்து மணிக்கு பியூன் வந்து என்னைக் கூப்பிட்டான். ஹெட் கிளார்க் மகள் கல்யாணத்துக்கு லீவு. இங்கிலீஷ் தெரிந்த அடுத்த ஆள் நான். உள்ளே போனால், மேஜைக்கு முன்னால் பிட்டர் அண்ணன், பக்கத்தில் கேப்டன் காசிம் பாய். மேஜைமேல் என் கடுதாசி பிரித்துக் கிடக்கிறது. உறைமேல் இருந்ததைப் படித்துவிட்டு அவர்களை வரவழைத்திருக்கிறார். நான் வருவதற்கு முன்பு அவர்கள் அதைப் பார்த்தார்களா, படித்தார்களா, தெரியவில்லை. துரை தாள்களை என்னிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்கிறது? வாசித்துச் சொல்" என்றார்.

நண்பரே, உலகத்தில் எத்தனையோ பேர் மொட்டைக் கடுதாசி எழுதியிருப்பார்கள். அதை எழுதினவனையே கூப்பிட்டு, யார்மேல் எழுதினானோ அவர்கள் முன்னால் நிறுத்தி மொழிபெயர்க்கச் சொன்னது எனக்குத்தான் நடந்திருக்கும்.

காகிதத்தைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் நண்டு ஊர்ந்தது போல ஓடியது. வாய் தானாக இங்கிலீஷ் பேச ஆரம்பித்தது. "ஐயா, பிட்டரின் பயிற்சி தொழிலாளிகளுக்கு மிகுந்த சந்தோஷம் தருகிறது. பேக் இருவரையும் பழக்குகிற கயிறு ஸ்டோரில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கயிறு. அது தேய்ந்து அறுகிற நிலையில் இருக்கிறது. மில் நிர்வாகம் பெரிய மனது வைத்துப் புதுக் கயிறு ஒன்று தர வேண்டும்."

துரை என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவுதானா? இரண்டு பக்கம் இருக்கிறதே?"

"தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை, சார்."

"எழுத்து ஏன் இப்படி இருக்கிறது?"

"சந்தோஷத்தில் எழுதியிருக்கிறான், சார்."

கோப்பை ஜெயித்த செய்தி மலைக்கே போயிருந்தது போலும். துரை சிரித்தார். ஒரு சீட்டை எடுத்துப் பதினைந்து கெஜம் புதுக் கயிறு கொடுக்கும்படி ஸ்டோருக்கு எழுதி, பிட்டர் அண்ணனிடம் நீட்டினார். என் கடுதாசியைக் கிழித்துக் கூடையில் போட்டார். அந்தக் கிழிகிற சத்தத்தைப் போல இனிய சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. என் கல்யாண மேளமும் அதில் அடக்கம். வெளியே வந்து பானையிலிருந்து நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

வராந்தாவில் பிட்டர் அண்ணன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினஞ்சு கெஜமா? அம்புட்டு எதுக்கு? அவங்க ரெண்டு பேருக்கும் பத்துப் போதும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மிச்சத்துல உங்களைக் கட்டிப் போடலாம்." காசிம் பாய் இருமினார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தேன். அன்றைக்கு எதைச் சொன்னாலும் சிரித்திருப்பேன்.

பிட்டர் அண்ணன் அந்த மில்லிலேயே இருந்து, அந்த லைன் வீட்டிலிருந்தே மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார். ஒவ்வொரு கல்யாணத்திலும் நான் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். வேறு யாரும் அந்த வீட்டுச் சோற்றை அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க முடியாது. ஆனால் ஒருநாளும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது சொல்ல ஆள் இல்லை. பிட்டர் அண்ணன் போய்விட்டார். கருப்பணனும் போய்விட்டான், எங்கேயும் முதலில் ஓடுகிறவன் அவன்தானே. பொட்டலில் வீடுகள் வந்துவிட்டன. சங்குச் சத்தம் நின்றுபோய், மில் பக்கத்தில் இருக்கிறவர்களும் கையில் கடிகாரம் பார்க்கிறார்கள். வாரால் இழுத்துக் கட்டும் பந்தும் இல்லை, நெற்றியில் கோடு போட்ட சிவபக்தர்களும் இல்லை. போன மாசம் ஒரு மேட்ச் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே ஒருவன்கூடக் கத்தவில்லை. பாவம், ஆடுகிறவர்களுக்கு யார்தான் தவறாக வழி சொல்லுவார்கள்?

டியூபில் சொல்யூசனைத் தடவி, காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தார் காசிம் பாய். இவர் ஒருவர்தான் மிச்சம் என்று தோன்றியதும், நாற்பது வருஷமாகத் தொண்டையில் இருந்ததை எடுத்துவிட்டேன்.

"பாய், அந்த மொட்டைக் கடுதாசி நியாபகம் இருக்கா? அதை எழுதுனது நான்தான்."

அவர் ஒட்டுத் துண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"ரெண்டு பேக்கும் மேல ஏறணும்னு மதுரையில வேற எவன் எழுதுவான்?"